சிட்டையை மூடிவிடலாமா? பைப் கடையில் ஏ.ஐ. பட்ட பாடு

கேள்வி, 8 ஜூன் 2025

அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். இன்னமும் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு. ராத்திரி கடை அடைத்த பிறகு அதைப் பார்த்துப் பெரிய நோட்டில் எழுதுகிறார், தினமும் முக்கால் மணி நேரம் போகிறது. போனில் தமிழில் பேசினாலே ஏ.ஐ. எழுதிப் பட்டியல் போட்டுக் கொடுக்கிற காலத்தில் இது வீண் வேலைதானே? நிறுத்தச் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறார். மாறியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

9 ஜூன், காலை

வீண் வேலைதான். நிறுத்தச் சொல்லுங்கள்.

9 ஜூன், இரவு 10.40

காலையில் கல்லாவில் ஆள் நின்றுகொண்டிருந்ததால் ஒரு வரியில் முடித்துவிட்டேன். இப்போது விவரமாக.

எனக்கும் கடைதான் தம்பி. ஒட்டன்சத்திரத்தில் பைப், குழாய்ச் சாமான், மோட்டர் உதிரி. உங்கள் அப்பா செய்வதற்கு எங்கள் வீட்டில் பெயரே உண்டு. வந்தது, போனது, கடன் எல்லாவற்றையும் வந்த வரிசையில் கிறுக்குவது சிட்டை. ராத்திரி உட்கார்ந்து அதை ஆள்வாரியாகப் பிரித்து ஏற்றுவது பேரேடு. தாத்தா செய்தார், அப்பா செய்தார், நானும் 22 வருடமாகச் செய்கிறேன். ஜி.எஸ்.டி. பில் கம்ப்யூட்டரில்தான் போகிறது, அதைப் பற்றிப் பேச்சில்லை. பிளம்பர்கள் கடனுக்கு எடுப்பது, தீர்ந்துபோன சரக்கு, கோயம்புத்தூருக்குச் சொல்லவேண்டிய ஆர்டர், இவைதான் சிட்டையில்.

இந்த மாதம் முதல் தேதியிலிருந்து சிட்டையையும் பேரேட்டையும் மூடிவைத்துவிட்டு போனில் பேசுகிறேன். ராத்திரி ஏ.ஐ. அதை ஆள்வாரியாகப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. ஒன்பது நாள் ஆகிறது, நன்றாகவே போகிறது.

14 ஜூன்

நன்றாகப் போகிறது என்று எழுதியபோது சரக்கு அறைக்குள் நின்று பேசிக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். கல்லாவில் நின்று பேசினால் கதை வேறு. எதிரே லாரி, பக்கத்தில் டைல்ஸ் அறுக்கிற மெஷின், நாலு பேர் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள். கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழில் பேசி எழுதும் வசதி 2017 ஆகஸ்டில் வந்தது. அப்போதே முயன்று பார்த்து ஒரே நாளில் விட்டேன். இப்போது எவ்வளவோ தேவலை, பேச்சுத் தமிழே புரிகிறது. ஆனால் சத்தத்தில் இன்னமும் தடுமாறுகிறது.

இன்னொன்று, கடைக்குள் பணம் வந்தால் அறிவிக்கிற பெட்டி இருக்கிறதல்லவா, அது பேசுவதையும் சேர்த்து எழுதிக்கொள்கிறது. நேற்றைய ஆர்டர் பட்டியலில் "ஃபுட் வால்வு 6, நானூற்று ஐம்பது ரூபாய் பெறப்பட்டது, கேட் வால்வு 4" என்று இருந்தது.

17 ஜூன்

சிரித்து முடித்துவிட்டு எழுதுகிறேன். இன்று நான் போனில் சொன்னது இது (எல்போ, டீ, யூனியன் எல்லாம் பைப்பை இணைக்கிற சாமான், முக்கா என்றால் முக்கால் இஞ்ச்):

முக்கா எல்போ இருபது, முக்கா டீ பத்து, ஒண்ணேகால் யூனியன் நாலு, சொல்யூஷன் கால் லிட்டர் ரெண்டு, மூணு நூல் போல்ட் அம்பது.

ராத்திரி ஏ.ஐ. கொடுத்த பட்டியல் இது:

முக்காலி முழங்கை 20, தேநீர் முக்கால் கோப்பை 10, ஒரு கால் சங்கம் 4, தீர்வு கால் லிட்டர் 2, மூன்று புத்தகங்கள், திருகாணி 50.

தீர்வு கால் லிட்டர் கிடைத்தால் நானே இரண்டு டின் வாங்கிக்கொள்வேன். பைப் ஒட்டுகிற பசையைக் கடையில் சொல்யூஷன் என்றுதான் சொல்வோம், அது தெரியாத ஊருக்கு இந்தப் பட்டியல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்! நல்லவேளை, கோயம்புத்தூருக்கு அனுப்புவதற்கு முன் ஒரு தடவை படித்துவிட்டேன்.

18 ஜூன்

நேற்றையது முழுக்க மெஷினின் தப்பு இல்லை. யோசித்துப் பார்த்தேன். "நல்ல தமிழில் பட்டியல் போடு" என்று நான்தான் சொல்லிவைத்திருந்தேன். அது சொன்னதைச் செய்திருக்கிறது. புதிதாகக் கடைக்கு வந்த பையனிடம் இப்படிச் சொல்லியிருந்தால் அவனும் "அண்ணே, டீயா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பான், இது கேட்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது முதலிலேயே ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்: இது பைப் கடை, சாமான் பெயரை மொழிபெயர்க்காதே, எல்போ, டீ, யூனியன், பெண்ட், சொல்யூஷன் எல்லாம் சரக்கு, நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு, ஒண்ணேகால் என்றால் 1¼, சந்தேகம் இருந்தால் கேள். 40 வார்த்தை எழுதிக் கொடுத்தேன். இன்று பட்டியல் சுத்தம்.

ஆக தம்பி, அப்பாவின் கடைக்கும் இப்படி ஒரு குறிப்பு வேண்டியிருக்கும். மளிகையில் இன்னும் சிக்கல். உளுந்தில் உருட்டு, உடைப்பு, தொலி என்று எத்தனை இருக்கிறது.

21 ஜூன்

பதிவு பொத்தானை அழுத்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். மதியம், கடையில் யாரும் இல்லை, மின்விசிறிச் சத்தம் மட்டும். திரும்பி வந்து பார்த்தால் பட்டியலின் கடைசியில் "காணொளியைப் பார்த்தமைக்கு நன்றி, மீண்டும் சந்திப்போம்" என்று எழுதியிருக்கிறது. யார் பேசியது?

மகள் சொன்னாள், இந்தக் கருவிகளில் பல இணைய வீடியோக்களையும் அவற்றின் எழுத்துகளையும் கேட்டுப் பழகியவை, சத்தமில்லாத இடம் வந்தால் வீடியோ முடிந்துவிட்டது என்று நினைத்து வழக்கமான கடைசி வாக்கியத்தைச் சொந்தமாகப் போட்டுவிடும் என்று. நன்றி சொன்னதால் தெரிந்தது. "எல்போ 30" என்று சொந்தமாகப் போட்டிருந்தால் கண்டுபிடித்திருப்பேனா என்பதுதான் ராத்திரி முழுக்க மண்டைக்குள் ஓடியது.

26 ஜூன்

பேசுவதற்குப் பதில் தட்டச்சு செய்தால் என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். செய்யலாம். கம்ப்யூட்டரில் நான் தமிழ்99. 1999-ல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய விசைப்பலகை, இடது கையில் உயிர், வலது கையில் பெரும்பாலும் மெய். அம்மா என்று அடிக்க நாலே தட்டு: அ, ம, ம, ஆ. புள்ளி தானாக விழும். ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவழைப்பவர்கள் ஒரு வாரம் பழகினால் திரும்பிப் போக மாட்டார்கள்.

என் மனைவி தமிழ்த் தட்டச்சில் ஹையர் முடித்தவர். அவருக்கு இது ஆகாது, பழைய தட்டச்சு மெஷின் அமைப்புதான் வேண்டும். வீட்டில் ஒரே கம்ப்யூட்டர், இரண்டு கட்சி.

27 ஜூன்

திருத்தம். புள்ளி தானாக விழும் என்று மொட்டையாக எழுதிவிட்டேன். ஒரே மெய் அடுத்தடுத்து வந்தாலோ, ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற போல இன எழுத்து பின்னால் வந்தாலோதான் தானாக விழும். மற்ற இடத்தில் நாம்தான் புள்ளி போடவேண்டும். புள்ளி வேண்டாத இடத்தில் நடுவில் ஒரு அ தட்டினால் போதும். மனைவி படித்துவிட்டு "தெரியாததை எல்லாம் எழுதாதீங்க" என்றார்.

ஆனால் இதெல்லாம் மேசைக்குத்தான். கல்லாவில் ஒரு கையில் பைப், ஒரு கையில் போன். தட்டச்சு நடக்காது.

2 ஜூலை

ஏ.ஐ.யின் இலவச ஒதுக்கீடு எனக்கு மதியமே தீர்ந்துவிடுகிறது, ஆங்கிலத்தில் கேட்கிற மகளுக்கு ராத்திரி வரை வருகிறது. ஏன் என்று கேட்டேன். அவள் தாளில் எழுதிக் காட்டினாள். தமிழ் என்பது நமக்கு மூன்று எழுத்து. கம்ப்யூட்டர் எழுத்துக்கு எண் கொடுக்கிற யூனிகோடு முறையில் அது ஐந்து: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. சேமிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் 3 பைட், மொத்தம் 15. ஆங்கிலத்தில் மூன்று எழுத்துக்கு மூன்றே பைட். ஏ.ஐ. எழுத்தை நேராகப் படிப்பதில்லை, துண்டு துண்டாக வெட்டிக்கொண்டு படிக்கிறது. அந்த வெட்டுக்கத்தி ஆங்கிலத்துக்குத் தீட்டியது, தமிழைப் பொடிப்பொடியாக்கிவிடுகிறது. துண்டுக்குத்தான் கணக்கு.

இப்போது குறைந்துகொண்டு வருகிறதாம். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற ஏ.ஐ. வந்தபோது அதைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனம் காட்டிய எடுத்துக்காட்டில் ஒரு தமிழ் வாசகம் 116 துண்டிலிருந்து 35 துண்டாக இறங்கியிருந்தது.

எஸ்.எம்.எஸ். காலத்திலிருந்தே இந்தத் தொல்லை இருக்கிறது. ஆங்கிலம் என்றால் ஒரு செய்தியில் 160 எழுத்து, தமிழ் என்றால் 70, அதிலும் கொக்கி, கால் எல்லாம் தனித்தனி எழுத்தாகக் கணக்கு. "பாக்கியைத் தயவுசெய்து செலுத்தவும்" என்று மரியாதையாகக் கேட்டாலே செய்தி பாதி தீர்ந்துவிடும். அதனால்தான் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த பிளம்பருக்கும் நான் "பேலன்ஸ் பே ப்ளீஸ்" என்று ஆங்கிலத்தில் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

6 ஜூலை

பொமொடோரோ என்று ஒரு முறை இருக்கிறது, 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தெரியும். பிரான்செஸ்கோ சிரில்லோ என்பவர் 1980-களின் கடைசியில் தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்துத் தொடங்கியது, இத்தாலியில் பொமொடோரோ என்றால் தக்காளி. எங்கள் ஊர் மார்க்கெட்டில் இல்லாத தக்காளியா. ஆனால் 25 நிமிடம் யாரும் வராமல் இருந்தால் எனக்கு ஓய்வு இல்லை, கவலை.

20 ஜூலை

ஆடி பிறந்துவிட்டது. புதிதாக வீட்டு வேலை தொடங்குபவர்கள் குறைவு, வியாபாரம் மந்தம். உட்கார்ந்து யோசிக்க நேரம் கிடைத்தது. யோசித்ததில் ஒரு விஷயம் பிடிக்கவில்லை.

ஜூன் முதல் தேதியிலிருந்து ராத்திரி முக்கால் மணி நேரம் மிச்சம். அதில் என்ன செய்தேன் என்று பார்த்தால் ரீல்ஸ் பார்த்திருக்கிறேன். சரி, அது என் கெட்ட பழக்கம், ஏ.ஐ. என்ன செய்யும்.

ஆனால் இது வேறு. ஒண்ணேகால் எல்போ ஒரு மாதத்தில் மூன்று தடவை இல்லாமல் போய்விட்டது. ஆள் வந்து கேட்டு, எதிர்க்கடைக்குப் போனார்கள். பட்டியலில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, விற்றது 12, விற்றது 9, விற்றது 14 என்று. நான்தான் பார்க்கவில்லை. முன்பு பேரேட்டில் ஏற்றும்போது அந்தப் பக்கம் கையில் படும், "என்னடா இது, முந்தாநாளும் இதைத்தானே எழுதினோம்" என்று தானாகத் தோன்றும். தோன்றியதால் ஆர்டர் போடுவேன். இப்போது ஏ.ஐ. எழுதுகிறது, தோன்றவேண்டியவனுக்குத் தோன்றவில்லை.

இன்னும் மோசம். எங்களிடம் வாடிக்கையாக எடுக்கிற ஒரு பிளம்பர், வீட்டுக்காரர் பணம் கொடுத்ததும் கொடுப்பவர், நல்ல மனிதர். அவர் பாக்கி 38,000-ஐத் தாண்டியிருக்கிறது. வழக்கமாக 15,000 தொட்டாலே "என்ன அண்ணாச்சி, அந்த வீட்டுக்காரர் இன்னும் தரலையா" என்று கேட்டுவிடுவேன். கேட்கவில்லை. தொகை ஒவ்வொரு நாளும் திரையில் இருந்தது.

21 ஜூலை

எச்சரிக்கை வைக்கலாமே, சரக்கு 10-க்குக் கீழே போனால் அடிக்கச் சொல்லலாமே என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். வைத்தேன். நேற்றிலிருந்து போன் 17 தடவை அடித்தது. வெயில் தகரத்தில் இறங்கும்போது கல்லாவில் இருக்கிறவனுக்குப் பதினேழாவது மணியும் முதல் மணியும் ஒன்றாகத்தான் கேட்கும். பணப் பெட்டி வேறு கத்துகிறது.

4 ஆகஸ்ட்

நேற்று ஆடிப்பெருக்கு, ஞாயிறு, கடை அரைநாள். மதியம் பேரேட்டைத் தூசி தட்டி எடுத்தேன். இரண்டு மாதக் கணக்கையும் போனைப் பார்த்துக் கையால் ஏற்றினேன். சாயங்காலம் ஆகிவிட்டது. முதுகு வலி.

ஆகவே 9 ஜூன் காலையில் எழுதிய ஒரு வரியை வாபஸ் வாங்குகிறேன். சிட்டையை நிறுத்தச் சொல்லுங்கள், அதற்குப் போன் போதும். பேரேட்டை நிறுத்தச் சொல்லாதீர்கள். உங்கள் அப்பா அந்த முக்கால் மணி நேரம் கடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், பகலில் அவருக்கு அதற்கு நேரமில்லை.

5 ஆகஸ்ட்

"அப்போ காகிதமே கடவுளா அண்ணே" என்று கேட்ட தம்பிக்கு: இல்லை. காகிதத்திலும் வகை இருக்கிறது. நான் பில் அடிக்கிற சின்ன பிரிண்டர் மையில்லாமல் சூட்டில் அடிப்பது. அந்தத் தாளை வெயிலில் நிற்கிற பைக் டேங்க் பையில் வைத்தால் கறுத்துவிடும், எண்ணெய்க் கை பட்டால் வெளுத்துவிடும். பிளம்பர் கொண்டுவந்து நீட்டுகிற பில்லில் பாதி நாள் கடை பெயர்கூட இருப்பதில்லை. கார்பன் வைத்து எழுதிய பழைய பில் புத்தகம் 2009-லிருந்து அப்படியே படிக்க முடிகிறது.

23 ஆகஸ்ட்

முந்தைய பெருமையெல்லாம் கொஞ்சம் அடங்கிவிட்டது. சொல்கிறேன்.

அந்தப் பிளம்பர் பக்கத்தைப் போட்டோ எடுத்து ஏ.ஐ.யிடம் கொடுத்துக் கூட்டிப் பார் என்றேன், சும்மா ஒரு ஆசைக்கு. என் கையெழுத்து அதற்குப் பாதி புரியவில்லை, 7-ஐ 1 என்கிறது. அதனால் தொகைகளை நானே ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். கூட்டிவிட்டு, உங்கள் மொத்தத்தில் 90 ரூபாய் அதிகம் இருக்கிறது என்றது.

நீளக் கூட்டலில் இவை சொதப்பும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், உடனே நம்பவில்லை. கால்குலேட்டரில் இரண்டு தடவை போட்டேன். 90 அதிகம்தான்.

24 ஆகஸ்ட்

கண்டுபிடித்துவிட்டேன். அப்பாவுக்கு ஒரு கணக்குப்பிள்ளை இருந்தார், அவர் சொல்லிக்கொடுத்தது: வித்தியாசம் 9-ஆல் மிச்சமில்லாமல் வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் தேடு. 90 வகுபடுகிறது. அப்படியே பின்னோக்கிப் போனேன். ஜனவரியில் ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கத்துக்குத் தொகை கொண்டுபோகும்போது 1,450-ஐ 1,540 என்று எழுதியிருக்கிறேன். என் கையெழுத்துதான், சந்தேகமே இல்லை. எட்டு மாதமாக அந்த 90 ரூபாய் அவர் தலையில் இருந்திருக்கிறது.

ஏன் 9 என்று மகள் கேட்டாள். பக்கத்துப் பக்கத்து இரண்டு இலக்கத்தை இடம் மாற்றினால், ஒன்று பத்து மடங்காக ஏறும், இன்னொன்று பத்தில் ஒன்றாக இறங்கும், கழித்தால் இரண்டு இலக்கத்தின் வித்தியாசம் பெருக்கல் 9 என்று வரும். 5-க்கும் 4-க்கும் வித்தியாசம் 1, பத்தாம் இடத்தில் நடந்ததால் 90. ஏ.ஐ.யிடமும் கேட்டாள், அதே பதில், ஆனால் நான் முதலில் சொன்னேன்.

ஆகஸ்டில் உட்கார்ந்து கையால் ஏற்றினேன் என்று பெரிதாக எழுதினேனே, அன்றைக்கும் அந்தத் தப்பு என் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. கை எழுதும்போது எல்லாம் தோன்றும் என்றேன். என் தப்பு எனக்குத் தோன்றவில்லை.

30 ஆகஸ்ட்

தம்பி, நீங்கள் இத்தனையும் படித்துவிட்டு "கடைசியில் என்னதான் செய்கிறீர்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள், நியாயம். பகலில் போனில் பேசுகிறேன், அந்த 40 வார்த்தைக் குறிப்பு இப்போது 70 ஆகிவிட்டது. ராத்திரி அதைப் பார்த்துப் பேரேட்டில் கையால் ஏற்றுகிறேன், முக்கால் மணி இல்லை, 25 நிமிடம் ஆகிறது, தக்காளிக்காரர் சந்தோஷப்படலாம். மாதக் கடைசியில் ஏ.ஐ.யை விட்டுக் கூட்டிப் பார்க்கிறேன். அப்பாவுக்குப் புது போன் எதுவும் வாங்க வேண்டாம், இருப்பதில் மைக்கில் தூசி அடைத்திருக்கும், அதை மட்டும் துடைத்துக் கொடுங்கள்.

பிளம்பர் இன்று வந்தார். அவர் பாக்கியில் 20,000 கொடுத்தார். நான் 90 ரூபாய் கதையைச் சொல்லி, கழித்துவிட்டேன் அண்ணாச்சி, மன்னிச்சுக்கங்க என்றேன். அவர் பைக் பையைத் திறந்து கிழித்த நாள்காட்டித் தாள்களாக ஒரு கத்தை எடுத்தார். பின்பக்கம் முழுக்கப் பென்சிலில் கணக்கு. ஜனவரித் தாளை உருவி நீட்டினார், 1,450 என்று இருந்தது.

"எனக்கு அப்பவே தெரியும்ணே. 90 ரூவாய்க்குப் போய் என்னத்தக் கேக்கறதுன்னு விட்டுட்டேன்."

முக்கால் டீ இரண்டு கேட்டார், பைப்புக்கு. எடுத்துக் கொடுத்தேன். அவர் கதவைத் தாண்டியதும் போனில் சொன்னேன், சரியாக எழுதியது.